பன்னிரண்டு ஐந்துக்கு ஊற்றிய கான்கிரீட்

பின்சீட்டில் யாராவது அழுதால் கோவிந்தராசுவுக்குக் கார் ஓட்ட வராது. பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு இது ஆகாத வியாதிதான். என்ன செய்வது, ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் குணம் மாறுமா? புதன்கிழமை காலை சிராங்கூனில் ஏறிய பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னாள். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள்.

"ஏம்மா, உடம்புக்கு முடியலையா?"

"நத்திங் அங்கிள். நாலு மணிக்கு என்னை யூனிவர்சிட்டியை விட்டுத் தூக்கப் போறாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! கோவிந்தராசு கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இருபத்தேழு வயது இருக்கும். மூன்று நாள் தூங்காத கண். "என்ன பண்ணே?" என்றார். "ஒண்ணுமே பண்ணலை, அதான் பிரச்சினை" என்றாள். அந்தப் பதில் போதும் அவருக்கு. காரைத் திருப்பி, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஃபேரர் பார்க்குக்கு நேரே விட்டார். அங்கே ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில்தான் ஆரபியின் அலுவலகம்.

ஆரபி யாழ்ப்பாண வழி வந்தவர். சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் இருபது வருஷம் காப்பீட்டு ஆய்வாளராக இருந்தவர். உடைந்த பெட்டி எங்கே உடைந்தது, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலை. இப்போது அதையே தனியாகச் செய்கிறார். கோவிந்தராசு அவருக்கு வண்டி ஓட்டுகிறார், கூடவே கேட்காத யோசனையும் சொல்கிறார்.

"மேடம், அவசரக் கேஸ்! நாலு மணிக்குள்ள முடியணும்!"

ஆரபி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பத்து. "ஆறு மணித்தியாலம் கிடக்கு. முதல்ல ரெண்டு பேரும் இருங்கோ."

"ஆறு மணின்னு சொன்னா வாய் வலிக்குமா மேடம்? அதென்ன தியாலம் தாலம்னு?"

"ஆறு மணி எண்டால் பொழுதுபடுற நேரம், ராசு அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ, பிள்ளை."

அந்தப் பெண்ணின் பெயர் மோகனப்பிரியா. சிவில் எஞ்சினியரிங்கில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள்.

"பஸ் நிக்கிற இடத்துல ரோடு சீக்கிரம் பள்ளமாயிடும் அக்கா. அத்தனை வெயிட்டும் பிரேக் போட்டு அங்கேதான் நிக்குது. சாதா கான்கிரீட் ஊத்தினா நாள்கணக்கா மூடி வைக்கணும். நான் கண்டுபிடிச்ச கலவை ஆறு அவர்ஸ்ல பஸ்ஸைத் தாங்கும். லேப்ல நாப்பது தடவை டெஸ்ட் பண்ணியிருக்கேன். ஆறாவது அவர்ல வலிமை இருபத்தஞ்சு மெகாபாஸ்கல் வரும். மூணு வாரம் முன்னால, ஞாயித்துக்கிழமை, சிராங்கூன் ரோடு பக்கத்துல ஒரு பஸ் ஸ்டாப்புல முதல் தடவையா நெசமாவே ஊத்தினோம்."

"பிறகு?"

"சாயங்காலம் ஏழு பத்துக்கு டபுள்டெக்கர் ஏறிச்சு. உடைஞ்சு பொடியாயிடுச்சு. பின்னாடி பைக்ல வந்த பொண்ணு, யும்னா, சாப்பாடு டெலிவரி பண்றவங்க, சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிடுச்சு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கலவையிலேயே செஞ்ச சோதனைக் கட்டியை உடைச்சுப் பார்த்தா ஆறாவது அவர்ல வெறும் பதினொண்ணு. அதனால என் நாப்பது டெஸ்ட்டும் பொய்யாம், நம்பரை நானே எழுதிக்கிட்டேனாம். நான் ஃபேக் பண்ணல லா! சத்தியமா பண்ணல!"

"ஊத்தேக்க நீங்கள் அங்க நிண்டனீங்களா?"

"இல்ல அக்கா. அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். என் லேப்மேட் ஜெய் எனக்காக நின்னான். பன்னெண்டு மணிக்கு ஊத்தறதுன்னு பிளான். பன்னெண்டு அஞ்சுக்கு ஊத்தினதா ஃபார்ம்ல எழுதியிருக்கான். ஆறு மணிக்கு ரோடு திறந்தாங்க. எல்லாம் கரெக்டாதான் இருக்கு."

"எல்லாம் சரியெண்டால் ரோடு உடையாது" என்று ஆரபி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கட்டி உடைக்கும் எந்திரத்துக்குப் பொறுப்பு இருதயராஜ். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர், வாயைத் திறக்கக் காசு கேட்பவர் போல இருந்தார். கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தே பதில் சொன்னார். கோவிந்தராசு அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார்: இவன்தான். முகத்தைப் பார்த்துப் பேசாதவன் நல்லவனாக இருப்பானா?

"எத்தினை கட்டி வந்தது?" என்று ஆரபி கேட்டார்.

"ரெண்டு. முதல் கட்டி அன்னிக்குச் சாயங்காலம் ஆறு அஞ்சுக்கு உடைச்சேன். பதினொண்ணு. ரெண்டாவது மறுநாள் பகல் பன்னெண்டு அஞ்சுக்கு. முப்பத்தொன்பது." எந்திரம் அச்சிட்ட இரண்டு சீட்டுகளையும் நீட்டினார்.

"உங்கட ஆய்வுப்படி ஒரு நாளையில எவ்வளவு வரவேணும், பிள்ளை?"

"நாப்பது" என்றாள் மோகனப்பிரியா.

"அப்ப ரெண்டாவது கட்டி சரியாத்தானே வந்திருக்கு. விசாரிக்கிற ஆக்கள் இதைப் பார்க்கேல்லையா?"

"ஆறாவது அவர் நம்பரை மட்டும்தான் கேட்டாங்க. கேக்காததை நான் ஏன் சொல்லணும்?" என்றார் இருதயராஜ்.

கோவிந்தராசு ஆரபியின் முழங்கையை இடித்தார். "பாத்தீங்களா மேடம், மறைக்கிறான்!" ஆரபி கண்டுகொள்ளவில்லை.

அதற்குள் ஜெய், பாலித்தீன் பையில் கட்டிய மூன்று கோப்பிப் பொட்டலங்களோடு வந்தான். கலகலப்பான பையன். சிரித்த முகம். கோவிந்தராசுவுக்குக்கூட ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான், எவ்வளவு மரியாதை!

"பன்னெண்டு அஞ்சுக்கு ஊத்த ஆரம்பிச்சாங்க, ஆன்ட்டி. நான் பக்கத்துலேயே நின்னேன். அஞ்சு மணிக்குக் கட்டியை எடுத்துக்கிட்டு லேபுக்கு வந்தேன். அன்னிக்கு என்னா வெயில் தெரியுமா! ஒரு சொட்டு மழை இல்ல. கழுத்தெல்லாம் கறுத்துப்போச்சு. பாவம் பிரியா, நானும் கமிட்டிகிட்ட அவளுக்காகப் பேசிப் பாத்தேன்."

காரில் ஏறியதும் கோவிந்தராசுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டாகப் போகிறது, சாலையில் நெரிசல், ஆரபியோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா வருகிறார். வாய் சும்மா இருக்குமா?

"அந்த ஞாயித்துக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன் மேடம். காலையில முழுக்க உக்காந்து காருக்குப் பாலிஷ் போட்டேன். ஒன்றரை மணிக்கு ஃபேரர் பார்க்ல புடிச்சது பாருங்க மழை! ஒரு மணி நேரம் ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. அப்புறம் சாங்கிக்கு ஒரு சவாரி போனா, அங்கே ரோடு காஞ்சு கிடக்கு. என் பாலிஷ் மேல மட்டும் அந்த மழைக்கு என்ன கோவமோ!"

ஆரபி ஜன்னலிலிருந்து திரும்பினார். "இன்னொருக்கா சொல்லுங்கோ."

"பாலிஷையா?"

"மழையை."

சொன்னார். அவ்வளவுதான், மேடம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கோவிந்தராசுவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பின்சீட்டில் மோகனப்பிரியா நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தமே வந்துவிட்டது.

சாலை வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்தின் கிடங்கு கிழக்கே, தொழிற்பேட்டை ஒன்றில் இருந்தது. மேஸ்திரி அழகேசன் மன்னார்குடிக்காரர். வேலை அனுமதியில் வந்து ஒன்பது வருஷம். லாரியில் சிமெண்ட் மூட்டைகள் ஏற்றித் தயாராக நின்றன. ஆட்கள் நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளம்பேல்லையா?" என்றார் ஆரபி.

"புது சைட்டு மேடம். ஒன்றரைக்கு மேல கிளம்புவோம்."

மணி பன்னிரண்டே கால். வேலையை வைத்துக்கொண்டு எப்படித்தான் இப்படி உட்கார்ந்திருக்க முடிகிறதோ என்று கோவிந்தராசுவுக்கு எரிச்சல் வந்தது. ஆரபி மேசைக்கு மேலே ஆணியில் தொங்கிய நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த, தினமும் கிழிக்கிற நாள்காட்டி.

மூலையில் ஆரஞ்சுக் கூம்புகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை பாலித்தீன் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆரபி பிரித்துப் பார்த்தார். கறுப்பு மையில், அழகான கையெழுத்தில், 'கான்கிரீட் ஊற்றி 6 மணி ஆன பிறகே பாதையைத் திறக்கவும்' என்று இருந்தது.

"இதை ஏன் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கிறியள்?"

"நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல மேடம். எழுதியிருந்தபடிதான் நான் செஞ்சேன். ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூடத் திறக்கலை."

"எத்தினை மணிக்கு ஊத்தினனீங்கள்?"

அழகேசன் கண்ணைத் தாழ்த்தினார். "பேப்பர்ல என்ன இருக்கோ அதுதாங்க மேடம்."

"ரெண்டரைக்கு இந்தப் பலகையோட ஆய்வுக்கூடத்துக்கு வாங்கோ. ஒருதரும் உங்களைக் கடிக்கமாட்டினம்."

இரண்டரைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். இருதயராஜ் எந்திரத்தின் பக்கத்தில் நின்றார். ஜெய் மேசை விளிம்பில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழகேசன் பலகையைப் பாலித்தீனோடு மார்பில் அணைத்தபடி வாசலோரம் நின்றார். மோகனப்பிரியாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. விசாரணைக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

"முதல்ல ரெண்டாவது கட்டி" என்று ஆரபி தொடங்கினார். "கலவை பிழையெண்டால் அது மறுநாளும் பிழையாத்தான் இருக்கும். இது மறுநாள் சரியா வந்திருக்கு. இட்டலியைப் பாதி வேக்காட்டில இறக்கினால் மாவையா குற்றம் சொல்லுவியள்? அப்ப, முதல் கட்டி உடைக்கேக்க அதுக்கு ஆறு மணித்தியால வயசு ஆகேல்லை. அதே மாதிரித்தான் ரோடும்."

"ஃபார்ம்ல பன்னெண்டு அஞ்சுன்னு இருக்கே!" என்றான் ஜெய்.

"அதை எழுதினது நீங்கள். வெயில் சுட்டதெண்டும் நீங்கள்தான் சொன்னது. அண்டைக்கு ஒன்றரையில இருந்து ரெண்டரை வரை அந்தப் பக்கம் அடைமழை. ராசு அண்ணையின்ர பாலிஷ் போன மழை. சிங்கப்பூரில ஒரு பக்கம் பெய்தால் மறுபக்கம் காயும். கிழக்கில சொட்டுக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டிட்டுக் கிழக்க ஓடுறதெண்டால் விமான நிலையத்துக்குத்தான். நீங்கள் ஆரைக் கூட்டிவர சாங்கிக்குப் போனனீங்கள்?"

ஜெய்யின் கால் ஆடுவது நின்றுவிட்டது. கோவிந்தராசு வாயைப் பிளந்தார். அடப்பாவி, கோப்பி வாங்கிக் கொடுத்தவனா!

"அக்கா... எங்க அக்கா சிட்னியிலேருந்து வந்தா" என்றான் கடைசியில். "ஃபிளைட் லேட். அஞ்சு மணிக்குத்தான் சைட்டுக்குத் திரும்ப வந்தேன். பன்னெண்டுக்கு ஊத்தறதுன்னு பிளான்ல இருந்திச்சு, அதையே ஃபில் பண்ணிட்டேன். சும்மா அஞ்சு நிமிஷம் சேர்த்துப் போட்டேன், நெசம் மாதிரி இருக்கட்டும்னு. ஆக்சிடென்ட் ஆனதும் பயந்துட்டேன்."

"மூணு வாரமா என் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தியேடா!" என்று மோகனப்பிரியா கத்தினாள்.

ஆரபி அழகேசன் பக்கம் திரும்பினார். "திட்டப்படி பன்னெண்டுக்கு நீங்கள் ஊத்தியிருக்கவே மாட்டியள். இண்டைக்குப் புதன், பன்னெண்டில இருந்து ஒன்றரை ராகு காலம், லாரி அசையேல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே நேரம் எமகண்டம். சரியா?"

"சரிங்க மேடம்" என்றார் அழகேசன். கண் கலங்கியிருந்தது. "இங்க சூரியன் லேட்டா உதிக்குது, நேரம் மாறும்னு பசங்க சொல்வாங்க. நான் ஊர்க் கணக்குத்தான் பாக்கிறது. எமகண்டத்துல தொட்ட காரியம் விளங்காது, ஒன்றரைக்கு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். மழை வந்திருச்சு. ஊத்தும்போது மூணு மணி ஆயிருச்சு. கேக்கலாம்னா தம்பி அங்க இல்லை. போர்டுல ஆறு மணின்னு போட்டிருந்துச்சு. நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம், அது முடியவும் ஆறு மணி ஆகவும் பொருத்தமாத்தான் இருந்துச்சு. திறந்துட்டேன். எமகண்டம் பாத்து லேட் பண்ணேன்னு தெரிஞ்சா கம்பெனி பர்மிட்டை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிரும். அதான் வாயத் திறக்கலை."

"மூண்டு மணித்தியாலத்தில ரோட்டைத் திறந்திருக்கு" என்றார் ஆரபி. "பலகையில எழுதியிருக்கிறது 'ஆறு மணி'. எழுதினவர் நினைச்சது ஆறு மணி நேரம். படிச்சவர் நினைச்சது மாலை ஆறு மணி. பன்னெண்டுக்கு ஊத்தியிருந்தால் ரெண்டும் ஒண்டுதான், ஒருதருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. மூண்டுக்கு ஊத்தினபடியால் யும்னாவின்ர கால் முறிஞ்சு போச்சு."

"எவன் அந்தப் பலகையை எழுதினவன்?" கோவிந்தராசு சட்டைக் கையை மடித்தார். "இவனா?"

"நான் இல்லை" என்றான் ஜெய்.

ஆரபி மோகனப்பிரியாவைப் பார்க்காமல் வேண்டுமென்றே எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தபோதுதான் கோவிந்தராசுவுக்கு உறைத்தது.

"நான்தான் எழுதினேன்" என்றாள் மோகனப்பிரியா. "வெள்ளிக்கிழமை. வொர்க்கர்ஸ்க்கு இங்கிலீஷ் புரியாதுன்னு, நல்லது பண்றதா நெனச்சு. மனசுல சிக்ஸ் அவர்ஸ்னு இருந்துச்சு. கையில ஆறு மணின்னு வந்திருச்சு. ஸ்கூல்ல தமிழ்ல நான்தான் ஃபர்ஸ்ட்."

ஜெய் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பிரியா, நான் ஃபார்மைப் பத்தி ஒத்துக்கறேன். அது போதும், உன் டேட்டா கிளியர் ஆயிடும். போர்டைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க. அந்த ரூம்ல யாருக்கும் தமிழ் தெரியாது."

கோவிந்தராசுவுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் சொல்வது நியாயம் போலவும் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொன்னார். "விடும்மா. சீக்கிரம் திறந்தது மேஸ்திரிதானே. உனக்கு எதுக்கு? நாலு வருஷப் படிப்பு."

"மேடம், நீங்க சொல்லுங்க" என்றாள் அவள்.

"அது நான் சொல்லுற விஷயம் இல்லை, பிள்ளை. என்ன நடந்ததெண்டு கேட்டியள், சொல்லிப்போட்டன்."

மோகனப்பிரியா அழகேசனைப் பார்த்தாள். அந்த மனிதர் பலகையைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாதவராக நின்றார்.

"அந்த ரூம்ல யாருக்கும் தமிழ் தெரியாதுதான்" என்றாள். "எழுதின எனக்குத் தெரியும்ல. குடுங்கண்ணே அதை."

நான்கு மணிக்கு அவளும் ஜெய்யும் உள்ளே போனார்கள். இருதயராஜ் கேட்காமலேயே இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கோவிந்தராசுவுக்குக் கூச்சமாகிவிட்டது. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். கைப்பேசியில் வந்த சவாரிகளை எல்லாம் தள்ளினார். கதவில் காது வைக்கப் போனபோது ஆரபி ஒரு பார்வை பார்த்தார், திரும்பி வந்தார். அழகேசன் படிக்கட்டில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது.

"என்னம்மா ஆச்சு? சொல்லு, சொல்லு!"

"டேட்டா உண்மைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க அங்கிள். தூக்கமாட்டாங்க. ஆனா இந்த வருஷம் ரோட்டுல ஊத்தக் கூடாது. ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பப் போறாங்க. ஜெய்க்குத் தனியா விசாரணை."

அழகேசன் எழுந்து நின்றார்.

"லேட்டா ஊத்தினது அதுல இருக்குண்ணே, மழைன்னு காரணத்தோட. எமகண்டத்தையும் சொன்னேன். ஒரு புரொபசர் சிரிச்சாரு, இன்னொருத்தர் 'எழுதியிருந்தபடிதானே திறந்திருக்கார்'னுட்டாரு. தப்பு பண்ணவங்கன்னு உங்க பேர் எங்கேயும் இல்லை."

"அப்புறம் யார் பேருங்க இருக்கு?"

"என் பேரு."

அழகேசன் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். கோவிந்தராசுவுக்குத் தாங்கவில்லை. ஒரு தப்பும் செய்யாமல் மூன்று வாரம் அழுத பெண், கடைசியில் ஒரு தப்பைத் தானே வலியப் போய்ச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறதே!

"ஏம்மா இப்படிப் பண்ணே? காலத்துக்கும் ரிப்போர்ட்ல உன் பேர் கிடக்குமே!"

"காலையில ஃபிராடுன்னு பேரு அங்கிள், நான் பண்ணாததுக்கு" என்றாள் மோகனப்பிரியா. "இப்போ இருக்கிறது நான் பண்ணதுக்கு. இதை வச்சுக்கிட்டு யும்னா முகத்தைப் பாக்க முடியும். ஆஸ்பத்திரிக்கு விடுறீங்களா?"

ஆரபி ஏற்கெனவே காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கோவிந்தராசு சாவியைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்.